பாறைப் பக்கம் கரடி

ஓநாய் பெரியப்பாவின் கிணற்றில்தான் விழுந்தது. நாற்பதடி ஆழம், சுற்றுச்சுவர் கிடையாது, அடியில் முழங்காலளவு தண்ணீர். வெள்ளாட்டுக் குட்டி ஒன்றைத் துரத்திவந்த வேகத்தில் விழுந்துவிட்டது என்றார் பெரியப்பா. குட்டியும் உள்ளே செத்துக் கிடந்ததால் யாரும் அதை மறுக்கவில்லை. ஊர் கூடி ஆளுக்கொரு கல்லோடு நின்றபோது வனத்துறையினர் வலையோடு வந்து சேர்ந்தார்கள். தூக்கிக்கொண்டுபோய்க் காலுக்கு வைத்தியம் பார்த்து, மூன்று வாரம் கழித்து, கழுத்தில் ரேடியோப் பட்டை ஒன்றை மாட்டி, எங்கள் ஊர்க் குன்றான கரட்டிலேயே திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள்.

"எங் குட்டியக் கொன்னதுக்குக் கழுத்துல நகை வேற போட்டு அனுப்பியிருக்காங்க" என்று பெரியப்பா டீக்கடையில் சொன்னது, ஒகேனக்கல் பேருந்துகள் நிற்காமல் போகும் அந்த ஊரில் ஒரு வாரம் ஓடியது.

பட்டையிலிருந்து வரும் சமிக்ஞையை வைத்து, ஓநாய் தினமும் எங்கே இருக்கிறது என்று குறித்துக் கொடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. வந்தவர் என் சித்தி. அம்மாவின் தங்கை. விலங்கியல் படித்துவிட்டு, பொம்மிடியில் மாதம் ஒரு மாப்பிள்ளை வீட்டாருக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்தவர். ஆறு மாதத் தற்காலிக வேலை. கரட்டுக்கு மிக அருகில் இருந்த வீடு எங்களுடையது என்பதால் எங்களோடு தங்கினார்.

காலையும் மாலையும் மொபெட்டில் கிளம்புவார். பழைய டிவி ஆண்டெனா போன்ற ஒன்றைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து மெல்லச் சுற்றுவார். இடுப்பில் தொங்கும் சிறு பெட்டியிலிருந்து டொக், டொக் என்று சத்தம் வரும். ஓநாய் இருக்கும் திசையில் சத்தம் கூடும். இரண்டு மூன்று இடங்களில் நின்று திசை பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பார்.

சாப்பிட உட்காரும்போதெல்லாம் அப்பா கேட்பார். "ஏம்மா, மாப்பிள்ள இன்னிக்கு எங்க தங்கியிருக்காரு?"

"அது பொட்டைங்க மாமா."

அதற்குப் பிறகும் அப்பா கேள்வியை மாற்றிக்கொள்ளவில்லை.

புள்ளி எங்கே இருக்கிறது என்பதை வெளியே சொல்லக்கூடாது என்பது சித்தி போட்ட ஒரே கட்டளை. ஆடு வளர்க்கும் வீடுகளில் பயிர்ப் பூச்சிக்கான குருணை மருந்து இல்லாத வீடு கிடையாது. செத்த ஆட்டின் கறியில் ஒரு பிடி கலந்து வைத்தால் போதும். நான்காம் வகுப்பில் இருந்த நான் பலமாகத் தலையாட்டினேன். அன்று மாலையே பெரியப்பாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் ஒரு கொய்யாவை நாலாக நறுக்கி என் கையில் கொடுத்துவிட்டு, தாடையில் கை வைத்து நான் சொல்வதை முழுதாகக் கேட்டார். எங்கள் வீட்டில் என் பேச்சை அப்படி யாரும் கேட்டதில்லை. மறுநாள் அவர் ஆடுகளை எதிர்த் திசையில் ஓட்டிக்கொண்டு போனார். ஆகவே இதைத் துரோகம் என்று நான் நினைக்கவில்லை, உதவி என்றே நினைத்தேன். தினமும் மாலையில் போனேன்.

மார்கழியில் இன்னொரு குட்டி போனது. பாதி தின்ற உடலைப் பெரியப்பா சாக்கில் போட்டுக் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்தார். சித்தி நின்றிருந்த பக்கம் திரும்பாமல் அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

"இனி எவன் சொன்னாலும் கேக்கப்போறதில்ல. இதுலயே மருந்தக் கலந்து அது வர்ற வழியில வெச்சிடறேன்."

அன்று மாலை அவர் கொய்யா நறுக்கவில்லை. முதல் முறையாக அவரே கேட்டார், இன்றைக்கு எங்கே என்று. கல்லுப்பாறை என்றேன்.

மறுநாள் காலை புள்ளி கல்லுப்பாறையில் இருந்தது. மாலையிலும் அங்கேயே. அடுத்த நாளும் நகரவில்லை. செத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டை கழன்று விழுந்திருக்க வேண்டும் என்று சித்தி அம்மாவிடம் அடுப்படியில் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவதாக ஒரு காரணமும் இருக்கலாம் என்பதை அவர் சொல்லவில்லை, ஆசைப்படுவதற்குப் பயந்திருக்கலாம். அப்பா மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார். மூன்றாம் நாள் காலை சித்தி மொபெட்டை வெளியே தள்ளும்போது பின்னாலேயே போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். சித்தி வண்டியின் பின்சீட்டைத் தட்டி, "ஏறு" என்றார்.

பாறை அடிவாரத்தில் ஓர் உசில மரத்தடியில் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். ஆடுகள் இல்லை. கரட்டில் ஆடுகள் இல்லாமல் அவரை நான் பார்த்ததே கிடையாது. எங்களைக் கண்டதும் எழுந்து வழியை மறித்தாற்போல நின்றார். என்னை வண்டியருகிலேயே இருக்கச் சொல்லிவிட்டுச் சித்தி மட்டும் போனார். ஐம்பதடி தூரம். பேச்சு கேட்கவில்லை, கைகள் மட்டும் தெரிந்தன. சித்தி எதையோ கேட்டுக் கையை நீட்டினார். பெரியப்பா மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அந்தக் கையில் வைத்தார். பிறகு பாறைப் பக்கம் காட்டினார். குனிந்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கையைப் பிடித்தார். நிமிர்ந்து நான்கு விரல்களை விரித்தார். சித்தி துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

நான்கு இடத்தில் மருந்து வைத்திருக்கிறார், ஓநாய் செத்துவிட்டது, சித்தி அழுகிறார் என்று நான் முடிவு செய்தேன். நானும் அழுதேன்.

இருவரும் என்னிடம் வந்தபோது சித்தியின் கண்கள் ஈரமாக இருந்தன. பட்டை பாறை இடுக்கில் மாட்டி அறுந்துவிட்டது, ஓநாய் கரட்டைவிட்டே போய்விட்டது என்றார். செத்துப்போகவில்லையா என்று கேட்டேன். இல்லை என்று அழுத்திச் சொன்னார். பெரியப்பா என் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"பாப்பா, இந்தப் பாறையில கரடி வந்து படுத்திருக்குது. நானே கண்ணால பாத்தேன். ஆள் வாடை புடிச்சா வுடாது. நீ யாருகிட்டயும் சொல்லிடாத, ஊரு பயந்துக்கும்."

"உன்ன நம்பித்தான் சொல்றோம்" என்றார் சித்தி. தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னார். செய்தேன்.

பக்கத்து வீட்டுச் சிநேகிதிக்கு அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் அவளிடம் சொன்னேன். மற்ற எல்லோரிடமும் அப்படியே. பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் கரடிக்கு இரண்டு குட்டிகள் பிறந்திருந்தன. பால் சொசைட்டிக்குப் போனபோது அது பெரியப்பாவை வரப்புவரை துரத்தியிருந்தது. நான்காம் நாள் அப்பாவே வீட்டுக்கு வந்து, பாறைப் பக்கம் போகாதே, கரடி இருக்கிறதாம் என்று என்னை எச்சரித்தார். ஆடு மேய்ப்பவர்கள் அந்தப் பக்கத்தை விட்டார்கள். விறகுக்குப் போகும் பெண்கள் சுற்றுவழியில் போனார்கள். பொங்கல் வந்து போயிற்று. சித்தியும் பெரியப்பாவும் மட்டும் தினமும் காலையில் போய் வந்தார்கள். கரடிக்கே பயப்படாதவர்கள் என்று அவர்களைப் பற்றிப் பள்ளியில் பெருமையாகப் பேசினேன்.

நடந்ததைச் சித்தி என்னிடம் சொன்னது நான் கல்லூரிக்குப் போன பிறகு. மருந்தோடு பெரியப்பா பாறைக்குப் போன அன்று தாய் தண்ணீருக்குப் போயிருந்தது. இடுக்கில் எட்டிப் பார்த்திருக்கிறார். கண் திறக்காத நான்கு குட்டிகள். பொட்டலத்தைப் பிரிக்காமல் இறங்கி வந்தவர், வேறு யாராவது மருந்தோடு வந்துவிடுவார்களோ என்று மூன்று நாள் மரத்தடியில் காவல் இருந்திருக்கிறார். ஏன் மனசு மாறினீர்கள் என்று சித்தி கேட்டதற்கு, "எங் குட்டிங்களத் தின்னுதான் இதுங்க பொறந்திருக்குது. அதையும் எதுக்கு வீணாக்கணும்?" என்றாராம்.

அந்த நாட்களில், ஊரில் ஒரு ரகசியத்தைக் காப்பாற்றத் தெரிந்த ஒரே ஆள் என்று அவர்கள் என்னைத் தேர்ந்தெடுத்திருப்பதாகவே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிட்ட குற்ற உணர்ச்சியில் பெரியப்பாவின் முகத்தைப் பார்க்காமல் நழுவியதும் உண்டு. அவரோ ஒவ்வொரு நாள் காலையிலும் சித்தி பாறையடிக்கு வந்து வண்டியை நிறுத்தியதும், ஓநாயைப் பற்றி விசாரிப்பதற்கு முன்னால் இதைத்தான் கேட்பாராம்:

"நம்ம பாப்பா நேத்து எத்தன வூடு முடிச்சா?"