மத்தியானத்தில் பறிக்கப்போன பூ

என் சின்ன மாமாவைப் போல ஒரு மக்கு மாணவனை மட்டக்களப்பே கண்டிருக்காது என்று நாலாம் ஆண்டு படிக்கையில் நான் நம்பினேன். அவர் அம்மாவின் கடைசித் தம்பி. பல்கலைக்கழகத்தில் செடிகொடிகளைப் பற்றித்தான் படித்தார். நாவற்குடாவில் எங்கள் வீட்டிலேயே இருந்தார். மீனில் முள் எடுத்து என் சோற்றுக் கோப்பையில் வைப்பதும் அவர்தான்.

பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு ஒரே குடும்பத்துச் செடிகள் நாலு, பூவோடு கொண்டுவர வேண்டும். ஒன்று குறைந்தாலும் மேசையில் இடமில்லை என்று ரீச்சர் சொல்லிவிட்டா. மூன்றை மாமா ஒரே காலையில் தேடித் தந்தார். கடற்கரை மணலில் படர்ந்த அடம்பன், வாவியோரத் தண்ணீரில் மிதந்த கங்குன் கீரை, மைதானத்துப் புல்லுக்குள் விரலளவு தலைநிமிர்ந்த விஷ்ணுகிரந்தி. ஒன்று தவழுகிறது, ஒன்று நீந்துகிறது, ஒன்று எறும்புக்குக் குடை பிடிக்கிற உயரம். இதுகள் எப்படிச் சொந்தமாகும்?

“பூவைப் பாருகா, இதழ் பிரிஞ்சா கிடக்கு? எல்லாம் புனல்தான்,” என்றார்.

பார்த்தேன், உண்மைதான். அடம்பன் பூ மண்ணெண்ணெய் ஊற்றுகிற புனல். விஷ்ணுகிரந்தி, தையல் மெசினுக்கு எண்ணெய் விடுகிற புனல்.

நாலாவது, வேலியைச் சுற்றி ஏறும் ஊதாப்பூக் கொடி. எங்கள் பக்கம் வேலியெல்லாம் மதிலாகிவிட்டதே! பெரியகல்லாற்றில் ஒரு வீட்டில் இருக்கிறதென்று மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போனார். போய்ச் சேர்ந்தபோது உச்சிவெயில். பூவெல்லாம் நனைந்த கடதாசி மாதிரிச் சுருண்டு கிடந்தது. வேலிக்கு அங்கால் நின்ற அக்கா எனக்குத் தோடம்பழச் சாறு தந்து, விடிய வந்தால்தான் விரிந்திருக்கும் என்று சிரித்தா. அவவின் அப்பா இரவெல்லாம் வாவியில் மீன்பிடித்துவிட்டு உள்ளே படுத்திருந்தாராம். மெல்லக் கதைக்கச் சொன்னா. மாமா தலையைச் சொறிந்தார்.

“மறுகா வருவம் புள்ள.”

மறுநாளும் மத்தியானம்தான் போனோம். அடுத்த நாளும் அப்படியே. அதே சுருண்ட பூ, அதே சாறு, வேலியோரம் அதே மெல்லிய கதை. சீ, எனக்கு வந்த கோபம்! கண்காட்சிக்கு முதல்நாள் வழியெல்லாம் அழுதுகொண்டு வந்து அம்மாவிடம் போட்டுக்கொடுத்தேன்.

“உங்கட தம்பிக்குப் பூ எப்ப விரியும் எண்டே தெரியா! அந்த அக்காதான் சொல்லிக் குடுக்கிறா!”

அம்மா தேங்காய் திருவுவதை நிறுத்திவிட்டு, எந்த அக்கா என்று கேட்டா. மாமா கிணற்றடிப் பக்கம் நழுவினார்.

அடுத்த நாள் முதல் பஸ்ஸில் அம்மாவே என்னைக் கூட்டிப்போனா. கொடி முழுக்கப் பூ! அப்போதுதான் தோணியால் வந்து நின்ற அந்த அக்காவின் அப்பா, ஒரு கொடியை வேரோடு கிண்டிச் சிரட்டையில் நட்டுத் தந்தார். அம்மா பூவை ஒருதரம் பார்த்தா. அக்காவைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தா. பிறகு தேத்தண்ணி, கதை, சிரிப்பு. எனக்கோ பூ சுருண்டுவிடுமே என்ற தவிப்பு. நல்லவேளை, மேசையில் வைக்கும்போது விரிந்தே இருந்தது.

பரிசோடு வந்த என்னை மாமா தூக்கிச் சுற்றினார். என் பரிசுக்காகத்தான் மனுசனுக்கு இவ்வளவு சந்தோசம் என்று நினைத்து நானும் கெக்கட்டமிட்டுச் சிரித்தேன்.

மாமாவின் படிப்பு முடிந்த ஆவணியில் அந்த அக்காவோடு கல்யாணம். எங்கள் ஊர்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவது. மாமி இன்றைக்கும் நான் போனால் தோடம்பழச் சாறுதான் தருவா. ஆனால் அன்று மாமா பெட்டியைக் கட்டியபோது எனக்கு அழுகை அடங்கவில்லை. இரவுச் சாப்பாட்டில் மீனை முள்ளோடு தின்னப் பழகினேன். அடம்பிடித்து அந்தப் பூவை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் நான்தான். அது வந்த வழியாலேயே மாமா போய்விடுவார் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லையே!