அம்மாவின் தாய் வாக்காளராக இருந்த வீடு

அம்மாவைப் பெற்றவர், அம்மாவுக்கு மூன்று வயதாகும் முன்பே காய்ச்சலில் இறந்துபோனார். அவருடைய படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. அந்த வருடமே அம்மாவின் தகப்பனார் மறுமணம் செய்துகொண்டார். அதைப் பொறுக்காத இறந்தவரின் வீட்டார், குழந்தையைத் தங்களிடம் தரச்சொல்லிக் கேட்டு வந்தார்கள். அவர் மறுத்தார். வாய்த்தர்க்கம் முற்றி, இரு வீட்டாரின் போக்குவரத்தும் அடியோடு நின்றுவிட்டது. அவர்கள் அச்சுவேலிப் பக்கத்து ஆட்கள் என்பதும் தாயின் பெயரும் தாய்வழிப் பாட்டனாரின் பெயரும் மட்டுமே அம்மாவுக்குத் தெரியும்.

எங்கள் கரவெட்டியிலிருந்து அச்சுவேலி பெரிய தூரமில்லை. நெல்லியடியில் பஸ் ஏறி வல்லை வெளியைத் தாண்டினால் போதும். ஆனாலும் அம்மா அவர்களைத் தேடிப் போகவில்லை. மறுமணம் செய்து வந்து அம்மாவை வளர்த்த சின்னம்மா நல்லவர். தன் பிள்ளைகளுக்கு முன்னால் அம்மாவுக்குத்தான் சோறு போடுவாராம். அவர் உயிரோடு இருக்கும்வரை தாயின் ஆட்களைப் பற்றி வாய்திறப்பதில்லை என்று அம்மா இருந்தார். சின்னம்மாவின் ஆண்டுத் திவசம் முடிந்த பிறகுதான் மெல்ல விசாரிக்கத் தொடங்கினார்.

அது தொண்ணூறாம் ஆண்டின் தொடக்கம். சண்டை ஓய்ந்திருந்த சில மாதங்கள். நான் ஏ.எல். சோதனை எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். அம்மா படிப்பித்த பள்ளிக்கூடத்தில் அச்சுவேலி ரீச்சர் ஒருவர் இருந்தார். அவருடைய தகப்பனார் அந்தப் பகுதியில் விதானையாராக, அதாவது கிராம அலுவலராக, இருந்து ஓய்வுபெற்றவர்.

"அப்பா ஒண்டையும் எறிய விடமாட்டார். பழைய வாக்காளர் இடாப்பெல்லாம் ட்ரங்குப் பெட்டிக்குள்ளை கிடக்கு. வந்து பாருங்கோவன்" என்றார் ரீச்சர்.

ஒரு சனிக்கிழமை அம்மாவும் நானும் போனோம். விதானையார் பெட்டியைத் திறந்து, கட்டுக்கட்டாக இடாப்புகளை எடுத்து மேசையில் வைத்தார். சிலவற்றின் ஓரத்தைக் கறையான் தின்றிருந்தது. எல்லாம் வீடுவீடாகப் போட்ட வாக்காளர் பெயர்கள்.

அம்மா சொன்ன பாட்டனாரின் பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். மூவரில் யார் எங்கள் ஆள் என்று விதானையாருக்கும் சொல்லத் தெரியவில்லை. "அடியிலை இருக்கிறதைப் பார் பிள்ளை. அது எனக்கு முந்தி இருந்த விதானையார் வச்சிட்டுப் போனது" என்றார்.

அது சுதந்திரத்துக்கு முந்திய இடாப்பு, இங்கிலீசில் இருந்தது. நான் ஒவ்வொரு வீடாக வாசித்துக்கொண்டு போனேன். அந்தப் பெயர் வந்தது. அதற்குக் கீழே அவர் மனைவியின் பெயர். அதற்கும் கீழே இன்னொரு பெண்ணின் பெயர்.

அம்மாவின் விரல் அதில் வந்து நின்றது.

"இது அம்மா" என்றார்.

அந்தச் சொல்லை அவர் சின்னம்மாவைத் தவிர வேறொருவருக்குச் சொல்லி நான் கேட்டதேயில்லை. கலியாணத்துக்கு முன், தன் தகப்பன் வீட்டில், ஒரு வாக்காளராக அந்தத் தாய் இருந்திருக்கிறார். அம்மா நெடுநேரம் அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அதே வீட்டை அடுத்தடுத்த இடாப்புகளில் தேடினோம். மகளின் பெயர் போயிற்று. ஒரு மகனின் பெயர் வந்தது. கிழவரின் பெயரும் கிழவியின் பெயரும் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. மகனுக்குப் பக்கத்தில் ஒரு மனைவி வந்தாள். கடைசி இடாப்பிலும் அந்த மகன் அங்கேயே இருந்தார்.

"அட, உவரே! தெற்காலை, வெங்காயத் தோட்டக்காரர். நேற்றும் சந்தையிலை கண்டனான்" என்றார் விதானையார்.

நாங்கள் போனபோது அவர் தோட்டத்திலிருந்து மண்வெட்டியோடு வந்துகொண்டிருந்தார்.

"ஆர் பிள்ளை? ஆரிட்டை வந்தனியள்?"

"உங்களிட்டைத்தான்" என்றேன். "இவ என்ரை அம்மா. உங்கடை அக்கான்ரை மகள்."

அவர் மண்வெட்டியைக் கீழே போட்டார். "கரவெட்டியிலை விட்ட பிள்ளையே?"

"ஓம் மாமா" என்று அம்மா அழத் தொடங்கினார். "என்னை ஒருத்தரும் தேடேல்லை எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சிருந்தனான்."

"ஆர் சொன்னது? எங்கடை ஐயாவும் நானும் ஒருக்கால் சைக்கிளிலை வந்தனாங்கள். பள்ளிக்கூடம் விட்டு நீ ஆரோ பெட்டையளோடை சிரிச்சுக்கொண்டு வாறாய். கூப்பிடட்டோ எண்டு நான் கேட்டன். வேண்டாம், பிள்ளை சந்தோசமாய்ப் போறாள், குழப்பக்கூடாது எண்டிட்டார்."

உள்ளே கூட்டிப்போய் இருத்தினார். மாமி தேத்தண்ணி கொண்டுவந்தார். அம்மா இடக்கையால் கோப்பையை வாங்கினார். பிறகு நினைவு வந்து கையை மாற்றினார்.

"மாத்தாதை" என்றார் மாமா. "அக்காவும் இடக்கைதான். ஐயாட்டை எத்தினை அடி வாங்கியிருப்பா தெரியுமே!"

வெயில் சாயும்வரை இருந்தோம். பஸ்சுக்கு நேரமாகிறது என்று நான் எத்தனையோ தரம் சொல்லியும் அம்மா எழும்பவில்லை.

அந்த வருடமே சண்டை மறுபடி தொடங்கிப் பஸ் நின்றது. மாமா எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்து கட்டிய வெங்காயப் பிடியோடு வருவார். மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் தட்டுப்பாடான காலம். அம்மா சேர்த்து வைத்திருந்ததில் ஒரு பங்கைக் கட்டிக்கொடுத்து விடுவார்.

தொண்ணூற்றைந்தில் அச்சுவேலிப் பக்கம் ஷெல் விழத் தொடங்கியது. ஒரு மத்தியானம் லாண்ட்மாஸ்டர் உழவுயந்திரம் ஒன்று எங்கள் வாசல் படலையில் வந்து நின்றது. பாய், சட்டிபானை, ஆட்டுக்குட்டி எல்லாவற்றோடும் மாமா குடும்பம் இறங்கியது. வல்லைப் பாதை மூடப்படுமுன் வந்து சேர்ந்துவிட்டார்கள். எங்கே போவதென்று தெரியாமல் அந்த நாட்களில் எத்தனையோ சனம் தெருவில் நின்றது. மாமா நேரே எங்களிடம் வந்தார்.

குசினியில் மாமிக்கும் அம்மாவுக்கும் தேங்காய்ப்பால் அளவில் தினமும் ஒரு சிறிய சண்டை. பின்னேரங்களில் மாமா முற்றத்து வேம்பின் கீழ் இருப்பார். அம்மா அரிசிச் சுளகோடு போய்ப் பக்கத்தில் இருந்து தாயைப் பற்றிக் கேட்பார். மாமா சொல்லுவார்: தவளையென்றால் அவருக்குப் பயம். மாங்காய் களவெடுப்பதில் கெட்டிக்காரி. அழகாகப் பாடுவதாக நினைத்துக்கொண்டு அபசுரமாகப் பாடுவார்.

"ஊர்ச் சனம் காதைப் பொத்தும், பிள்ளை!" என்று மாமா அந்தப் பாட்டைப் பாடிக்காட்டினார்.

அரிசியைச் சிந்திக்கொண்டு அம்மா சிரித்தார்.