நூலால் அளந்த ஆறு மைல்

பள்ளியில் புவியியல் நடத்துகிறவள் நான். வெள்ளைக்காரன் காலத்துக் கல்வராயன் மலை வரைபடம் ஒன்று இணையத்தில் கிடைத்தது. கள்ளக்குறிச்சியில் ஜெராக்ஸ் கடையில் அதைப் பெரிதாக அச்சடித்து, பெருமையாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அது எங்கள் வீட்டு நாற்பது வருடச் சண்டையைக் கிளறும் என்று யார் கண்டது?

மாமனார் மளிகைக்கடைக்காரர். கல்யாணமான புதிதில் மலைமேல் தங்கிக் கடுக்காய் வாங்குவார். மாமியார் தலைப்பிரசவத்துக்கு அடிவாரத்திலிருந்த தாய்வீட்டில் இருந்தார். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் வந்துவிடுவதாகச் சொன்ன மனிதர், பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போதுதான் வந்தார். மதியமே பிள்ளை பிறந்துவிட்டது. லாரி வரவில்லை, எட்டு மணிக்கே கிளம்பி ஒற்றையடிப் பாதையில் நடந்தே வந்தேன் என்றாராம். மாமியார் நம்பவில்லை. ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கச் சொல்லாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாராம்.

வரைபடத்தில் அந்தப் பாதை புள்ளிக்கோடாக இருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமனாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. “பாத்தியா, பாத இருக்குது!” என்றார். நானும் உற்சாகமாகத் தையல் நூலை எடுத்துக் கோட்டின் மேல் வளைத்து வைத்தேன். பிறகு அதை வரைபடத்தின் அடியில் அச்சிட்டிருந்த மைல் அளவுகோலில் நீட்டிப் பார்த்தேன்.

“ஆறு மைல் மாமா” என்றேன். வாய் சும்மா இருந்திருக்கலாம்.

“ஆறு மைலுக்கா பொழுது சாயற வரைக்கும் நடந்துக்கினு வந்தீங்க?” என்றார் மாமியார். “எங்க குந்திப் பேசிக்கினு இருந்தீங்களோ!”

மாமனார் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கடைக்குப் போய்விட்டார். வாயடிக்கிற மனிதர் அவர். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

இரவு வரைபடத்தை மறுபடி விரித்தபோது என் மடத்தனம் தெரிந்தது. புள்ளிக்கோட்டைச் சுற்றிச் சமஉயரக்கோடுகள் கைரேகை போல நெருங்கிக் கிடந்தன. கோடு நெருங்கினால் செங்குத்து என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்குத் தொண்டை கிழியச் சொல்கிறேன். நூலுக்கு ஏற்றம் ஏது, இறக்கம் ஏது?

ஞாயிற்றுக்கிழமை என் கணவரை இழுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். அன்றைக்குப் பிறந்த பிள்ளை அவர்தான். அந்தப் புள்ளிக்கோட்டுப் பாதையில் எட்டு மணிக்கு இறங்க ஆரம்பித்தோம். ஒரு சரிவு இறங்கினால் அடுத்தது ஏற்றம். ஓடையில் பாறை வழுக்கியது. பாதி தூரம் உட்கார்ந்தே நகர்ந்தோம். “எங்க அத்தா பாவம்” என்று தன் அப்பாவை நினைத்து வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். அடிவாரம் வரவே சாயங்காலமாகிவிட்டது; அங்கே பஸ் பிடித்து வீடு சேர்ந்தபோது மஃரிப் பாங்கு கேட்டது.

மாமியார் கதவைத் திறந்தார். மகனுடைய காலைப் பார்த்தார். விரல்களெல்லாம் கொப்புளம், குதிகாலில் ரத்தம்.

“எத்தினி மணிக்குக் கெளம்புனீங்க?”

“எட்டு மணிக்கும்மா. அத்தா வந்த பாதையிலதான் நடந்துக்கினு வந்தோம்.”

உள்ளே போனவர் வாளியில் வெந்நீர் கொண்டுவந்தார். என் கணவர் காலை நீட்டினார். மாமியார் அவரைத் தாண்டிப் போய், நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமனார் முன்னால் வாளியை வைத்தார்.

“இன்னாத்துக்கு?” என்றார் மாமனார்.

“காலை உள்ள வைங்க” என்றார் மாமியார். “அன்னிக்கே வெச்சிருக்கணும்.”