விண்கப்பல் கதவில் அண்ணன் கட்டைவிரல்

என் அண்ணனிடம் பொறுமை மருந்துக்குக்கூடக் கிடையாது. தாராவியில் எங்கள் பட்டறையில் ஃபைபர் கிளாஸில் எது செய்தாலும், வெளியே அனுப்பும் முன் சந்தனம் குங்குமம் வைத்தாக வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு வைக்கலாமே! மாட்டார். மேல்பூச்சு இறுகுவதற்குள் கட்டைவிரலை அழுத்திவிடுவார். பள்ளம் விழும். நான் கத்திக்கொண்டே பள்ளத்தைப் புட்டி பூசி அடைத்துத் தேய்ப்பேன்.

"சாமிக்கு வச்சதப் போயி தேய்க்கியே, வெளங்குவியால நீ?" என்பார்.

போன வருடம் ஒரு கேளிக்கைப் பூங்காவுக்கு விண்கப்பலின் உட்புறம் கட்டும் வேலை வந்தது. ஆட்கள் எல்லாரும் எங்கேயோ போய்த் திரும்பி வராத கப்பல் என்பது கதை. அதன் கதவு ஒன்றில் அண்ணன் வழக்கம்போலப் பொட்டு வைத்தார். மறுநாள் காலை ரயிலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர்தான், எழவில்லை. மதினி அப்போது நெருளில் மகள் வீட்டில் இருந்தார். அவர் ஓடி வருவதற்குள் ஆஸ்பத்திரியில் முகத்தை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் துணி சுற்றிக் கட்டிவிட்டார்கள்.

"கையக்கூட ஒருக்கா பிடிக்க விடலயே," என்று அதையேதான் சொல்லிச் சொல்லி அழுதார்.

அந்தத் துக்கத்தில் பள்ளத்தை நான் அடைக்கவில்லை. கதவு அப்படியே பூங்காவுக்குப் போய்விட்டது.

அங்கே வடிவமைப்பைப் பார்த்துக்கொண்டவள் மாட்டுங்காவில் வளர்ந்த தமிழ்ப் பெண். முதல் நாளிலிருந்தே அவளுக்கு ஒரே குறை. "எல்லாம் ஷோரூம் மாதிரி பளபளன்னு இருக்கு அங்கிள். உள்ள வந்தா, யாரோ இங்க நெஜமாவே இருந்துட்டுப் போயிருக்கான்னு தோணணும்."

பள்ளத்தைப் பார்த்ததும் துள்ளிவிட்டாள். "இதுதான் வேணும்! கேப்டனோட கைரேகை. எல்லாக் கதவுலயும் வெச்சுடுங்கோ. அதுல விரலை அழுத்தினா கதவு திறக்கட்டும்."

யாருடைய விரல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அச்சு எடுப்பதற்காகப் பள்ளத்தில் சிலிக்கோன் ரப்பரை ஊற்றினேன். பள்ளத்தில் ஊற்றினால் மேடாக வரும் என்று இத்தனை வருடம் அச்சு எடுத்தவனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் பிரித்தெடுத்தபோது என் உள்ளங்கையில் கிடந்தது அண்ணன் கட்டைவிரல். கட்டர் வெட்டிய பழைய தழும்பு குறுக்கே ஓடியது. ரேகை இடுக்கில் குங்குமம் ஒட்டியிருந்தது. ஐயோ என்று உதறிவிட்டேன். பிறகு தரையில் தேடி எடுத்து, துடைத்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பயமும் அழுகையும் சேர்ந்தே வந்தன. அதன் பிறகு பட்டறையில் யாரோ என் பின்னால் நிற்கிற மாதிரியே இருந்தது. ஒருமுறை திரும்பித் திட்டக்கூடச் செய்தேன்.

பூங்கா திறப்பதற்கு முன் வேலை செய்தவர்களின் குடும்பங்களை அழைத்திருந்தார்கள். மதினியைக் கூட்டிப்போனேன். கப்பலுக்குள் ஒரே இருட்டு. கதவைச் சுற்றி மட்டும் நீல வெளிச்சம். இனியும் மறைக்க மனசு கேட்கவில்லை.

"மதினி, இது அண்ணன் வெரலு."

என்னைப் பார்த்தார். தன் கட்டைவிரலைப் பள்ளத்தில் வைத்தார். கதவு திறந்தது. உள்ளேயிருந்து ஒரு குரல், "வந்துவிட்டீர்களா கேப்டன்? உங்களுக்காகத்தான் காத்திருக்கிறோம்" என்று ஹிந்தியில் சொன்னது. பின்னால் நின்ற பிள்ளைகள் கைதட்டினார்கள். மதினி உள்ளே போகவில்லை. விரலை எடுக்கவும் இல்லை. பிள்ளைகள் முண்டியடித்து எங்களைத் தாண்டி ஓடினார்கள்.

வெளியே வந்ததும் கேட்டார். "தம்பி, நம்ம வீட்டுக் கதவுல இப்படி ஒண்ணு வச்சுத் தருவீங்களா?"

வைத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து மதினி அந்தக் கதவுக்குத் தாழ் போடுவதே இல்லை.

"தாராவியில தாழ் போடாம யாராவது படுப்பாகளா? ஒங்களுக்கென்ன கிறுக்கா மதினி?" என்று சத்தம் போட்டேன்.

"அவுக வீட்டுக்கு வர்றதுக்கு அவுக தட்டிக்கிட்டா நிக்கணும்?" என்றார்.

இப்போது அங்கே போனால், அந்தக் கதவில் நான் கை வைப்பதில்லை. தோளால் தள்ளித்தான் திறக்கிறேன்.