திருடன் எப்பவும் பக்கத்து ஊர்க்காரன்

பூட்டு விற்கிறவனுக்குத் திருடன்தான் படியளக்கிறவன். அவன் வரக்கூட வேண்டாம், அவனைப் பற்றின பேச்சு வந்தால் போதும். ஐம்பதுகளின் கடைசியில், கோயமுத்தூர் பெரியகடை வீதியில் ஒரு இரும்புக் கடையில் பூட்டு எடுத்துக் கொடுக்கிற வேலை எனக்கு. கடையில் நின்று பிழைத்தவர்களுக்குத் தெரியும், சரக்கைவிட வாங்க வருகிறவர் சொல்லும் கதைதான் கனம். கேட்டுத்தான் தீர வேண்டும், தலையெழுத்து.

எந்த ஊர்த் திருடன்?

அவிநாசிப் பக்கம் தோட்டங்காடு உள்ள ஒருவர் அடிக்கடி வருவார். பெரியதோட்டத்தார் என்றால் ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஒரு நாள் வந்து, "மதுக்கரைப் பக்கம் திருட்டு ஜாஸ்தியாயிருச்சாமா. நல்ல பூட்டாக் கொடு கண்ணு" என்றார். கடைப் பெஞ்சில் ஒரு மதுக்கரைக்காரர் உட்கார்ந்திருந்தார். அவரும் பூட்டு வாங்கத்தான் வந்திருந்தார், அவிநாசிப் பக்கம் திருட்டு ஜாஸ்தி என்று. இருவரும் ஒருவரையொருவர் ஏற இறங்கப் பார்த்துக்கொண்டார்கள். பெரியதோட்டத்தார் மரியாதை குறையாமல் சொன்னார்: "எங்கூர்ல திருடனே கெடையாதுங்க. எல்லாம் உங்கூர்ல இருந்து வாரவனுகதானுங்க."

மணிப்பூட்டு

திண்டுக்கல் மணிப்பூட்டு தெரியுமல்லவா, சாவியைத் திருப்பினால் மணி அடிக்கும். கள்ளச்சாவி போட்டால் ஊரே கூடிவிடும் என்று நான்தான் அளந்துவிட்டேன். பெரியதோட்டத்தார் குளிர்ந்துபோய் வாங்கினார். அவர் பண்ணையத்தில் வேலை செய்யும் ரங்கன், கடைப்படி ஏறாமல் வெளியே நின்று பொட்டலத்தை வாங்கிக்கொண்டான்.

அடுத்த மாசமே பூட்டோடு திரும்பி வந்தார். வீட்டம்மா பூட்டிவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பும்போதெல்லாம் மணி அடித்திருக்கிறது. வீட்டில் ஆள் இல்லை என்று ஊருக்கே தண்டோரா. ஒரு துரும்பும் களவு போகவில்லை, ஆனால் மனுஷனுக்கு உட்கார்ந்தால் நடுக்கம், எழுந்தால் நடுக்கம். குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏங்கண்ணு, அடிக்காத மணி வெச்ச பூட்டு இருக்குதா?"

ஒன்றுமில்லாத வீடு

பிறகு அவர் வீட்டில் ஒரு வெள்ளி டம்ளர் காணாமல் போனது. கதவில் பூட்டு பூட்டினபடியே இருந்தது, ஆனாலும் எல்லாரும் நேரே போனது ரங்கன் குடிசைக்கு. சட்டி பானையெல்லாம் உருட்டிப் பார்த்தார்கள். டம்ளர் கடைசியில் பெரியதோட்டத்தார் வீட்டு நெல் குதிருக்குள்ளேயே கிடந்தது. இதை அவரே சிரித்துச் சிரித்து என்னிடம் சொன்னார். வேண்டாவெறுப்பாக நானும் சிரித்து வைத்தேன், ஆமாஞ்சாமி போடுவதும் கடைச் சம்பளத்தில் சேர்த்தி.

சில நாள் கழித்து ரங்கன் தனியாக வந்தான். வழக்கம்போல வெளியே நின்றபடி, சின்னதாக ஒரு மாங்காய்ப்பூட்டு கேட்டான். "பூட்டி வைக்கிற மாதிரி உங்கூட்டுல என்னப்பா இருக்குது?" என்றேன். பூட்டை வாங்கி, சாவி போட்டு, இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னான்: "எடுத்துட்டுப் போறதுக்கு ஒண்ணுமில்லீங்க சாமி. ஆராச்சும் எதையாச்சும் கொண்டாந்து உள்ள வெச்சுப்போட்டா?"

இத்தனை வருஷத்தில் திருடனுக்குப் பயந்து பூட்டு வாங்கினவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். அந்தப் பயந்தவர்களுக்குப் பயந்து வாங்கினது ரங்கன் ஒருத்தன்தான்.