ஆறு நிமிடப் படமும் வீடியோ பாண்டி அண்ணனும்

வீடியோ பாண்டி அண்ணன் போய்விட்டாராம். காலையில் டீக்கடையில்தான் கேள்விப்பட்டேன்.

நல்ல மனிதர், திறமைசாலி என்றெல்லாம் நான் எழுதுவேன் என்று காத்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். திண்டுக்கல் வட்டாரத்திலேயே அவரைப் போல மோசமாகக் கல்யாண வீடியோ எடுத்தவர் கிடையாது.

பதினெட்டு வருடம் அவருக்கு லைட் பிடித்தவன் நான். அவர் வாங்கிய பெயரெல்லாம் என் லைட் வாங்கிக் கொடுத்தது... ஆத்தூரில் நான் லைட்டைத் தூக்கினால் அடுத்த ஊர்ச் சேவல் விடிந்துவிட்டதென்று கூவும். அண்ணன் கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு பந்தியையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஒரு தடவை அகரத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் ஒன்றுவிட்ட சித்தப்பா முகம் கேசட்டில் வரவில்லை என்று ஆள் திரட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். நான் ஒற்றை ஆளாக நின்று முப்பது பேரைச் சமாளித்தேன். அண்ணன் கதவுக்குப் பின்னால்.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே சட்டம். வந்தவர் முகம் ஒன்றைக்கூட வெட்டக் கூடாது.

அந்தச் சட்டத்தில் மாட்டியது என் அக்கா மகள் காவியா.

போன வருடம் காலேஜ் கடைசி செமஸ்டருக்கு ஒரு குறும்படம் எடுத்தாள். இன்டர்வியூவுக்குக் கிளம்பிய பெண் பஸ்ஸை விட்டுவிடுகிறாள், அவ்வளவுதான் கதை. ஆறு நிமிடத்துக்கு மேல் போனால் ஃபெயில். அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும்... இவள் செல்போனில் விரலால் இழுத்து இழுத்து வெட்டிக்கொண்டிருக்கிறாள்.

"செல்ல நோண்டுறதுக்குப் பேரு எடிட்டிங்காத்தா? வா, ஆளு இருக்கு" என்று சின்னாளப்பட்டிக்கு அண்ணனிடம் கூட்டிப் போனேன்.

அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு செல்லை வாங்கினார். செத்த நேரம் என்றார். இரண்டு மணி நேரம். படம் இருபத்தொரு நிமிடம்.

பஸ் ஸ்டாப்பில் நின்ற பூக்காரம்மா, கண்டக்டர், கொய்யா விற்பவர்... ஒவ்வொரு முகத்தின் மேலும் கல்யாணக் கேசட் மாதிரி ரோஜாப்பூ விழுகிறது.

"பெரியப்பா, ஆறு நிமிசந்தான் இருக்கணும்."

"யார தாயி வெட்டச் சொல்ற? அம்புட்டுப் பேரும் ஒனக்காக வந்து நின்னுருக்காக."

"அவுக பஸ்ஸுக்கு நின்னவுக பெரியப்பா."

"நாளைக்கு வந்து கேட்டாகன்னா என்ன சொல்லுவ?"

காவியா செல்லைப் பிடுங்கிக்கொண்டாள். திரும்பி வருகிற பஸ்ஸில் அவர் செய்த அத்தனையையும் அழித்து, முதலிலிருந்து வெட்டி, திண்டுக்கல்லில் இறங்கும்போது அனுப்பிவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து டைரக்‌ஷன் கொடுத்தது நான். படம் பாஸ்.

பத்து நாள் கழித்து அண்ணன் கேட்டார். "ஏலே, புள்ள படம் என்னாச்சு?"

"ஒங்க எடிட்டிங்கத்தேன் போட்டாகண்ணே. காலேஜே எந்திருச்சு நின்னு கைதட்டுச்சு. சென்னையிலருந்து ஒருத்தன் வந்து ஒங்கள விசாரிச்சுட்டுப் போயிருக்கான்."

சும்மா வாயில் வந்தது. அந்த மனிதர் தெருத்தெருவாகப் போய்ச் சொல்லியிருக்கிறார். ஒரு பொய்யைக்கூடச் சந்தேகப்படத் தெரியாதவரெல்லாம் என்ன தொழில் பார்த்தாரோ...

இன்று மதியம் பூமாலை வாங்கிக்கொண்டு நானும் காவியாவும் போனோம். அண்ணன் சம்சாரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்பவும் ஒன் படத்தப் பத்தித்தேன் தாயி பேச்சு. நாந்தேன் இன்னும் பாக்கல. பதினாறாம் நாளு சொந்தபந்தம் அம்புட்டும் வரும்... அன்னைக்கு டிவியில போட்டுக் காட்டிரு."

காவியா என்னைப் பார்த்தாள். "சரி பெரியம்மா" என்றாள்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள். "மாமா, அந்தப் படத்துல அவரு வெட்டுனது ஒரு எடங்கூட இல்ல."

"அவரு எங்கத்தா வெட்டுனாரு. அவருக்கு வெட்டவே தெரியாது."

அவள் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள். நானும்தான்.

அந்த வீட்டில் யாருக்கும் ஃபேஸ்புக் கிடையாது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். எவனாவது போய்ச் சொல்லித் தொலைத்துவிடாதீர்கள்.

போய்ட்டு வாங்கண்ணே... பதினாறாம் நாள நான் பாத்துக்கிறேன்.