இரண்டாவது ஆப்பு

வார்ப்பாலையில் எல்லோரும் அவரை ஜோசியர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் பார்த்தது கைரேகை இல்லை, இரும்பின் முறிவு. உலையிலிருந்து, சங்கிலியில் தொங்கும் லேடில் என்ற பெரிய வாளிக்கு இறங்கிய குழம்பில் கொஞ்சம் எடுத்து, மண் அச்சில் ஊற்றி, ஆப்பு வடிவத்தில் ஒரு சின்னத் துண்டு வார்ப்பார்கள். சிவப்பு அடங்கியதும் தண்ணீரில் முக்கி, சுத்தியலால் ஒரே போடு. முறிந்த இடம் சாம்பல் நிறமாக இருந்தால் நல்ல இரும்பு. ஆப்பின் கூர்முனை எப்போதும் கொஞ்சம் வெளுத்துத்தான் இருக்கும். அந்த வெள்ளை உள்ளே ஏறியிருந்தால் ஆபத்து. வார்ப்பின் மெல்லிய இடமெல்லாம் கண்ணாடி மாதிரி நொறுங்கும். ஜோசியர் முறிவைக் கண்ணருகே பிடித்து "ஊத்தலாம்" என்பார், இல்லாவிட்டால் "ஆகாது" என்பார். ஆலையில் அவர் பேசும் பேச்சு அவ்வளவுதான். வீட்டில் அதுவும் கிடையாது. அங்கே தீர்ப்புச் சொல்ல மனைவி இருந்தாள்.

லேடிலைச் சாய்த்து அச்சுகளில் ஊற்றுகிறவர் அவருடைய மாப்பிள்ளை. மாமனாரும் மருமகனும் ஒரே கூரையின் கீழ் வேலை பார்ப்பது எவ்வளவு வசதி என்று உறவுக்காரர்கள் பூரித்தார்கள். அந்த வசதியில் வெந்தவள் மகள்தான். பகலில் ஆலையில் மாமனார் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னால், மாலையில் அது அவள் தலையில் வந்து இறங்கும். ஒருமுறை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டாள். ஜோசியர்தான் சமாதானம் சொல்லிக் கொண்டுபோய் விட்டார். வாசலில் நின்று அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்பா, நாலு பேர் முன்னாடி அவர எதுவும் கேக்காதீங்க. அங்க பல்லைக் கடிச்சிட்டு நின்னுடுவாரு. அந்தப் பல்லு வீட்டுக்கு வந்துதான் தொறக்கும்."

அவர் சரி என்று தலையாட்டினார். பெண்ணைப் பெற்றவரின் கழுத்துக்கு அந்த அசைவு நன்றாகப் பழகியிருந்தது.

அன்று வார்த்தது கப்பிச் சக்கரங்கள். கயிறு ஓடிப் பாரம் தூக்குகிற சக்கரங்கள். நடுவில் தடிமன், ஓரத்தில் மெல்லிசு. இரும்பு சாம்பலாக உறைவதற்காக லேடிலில் ஒரு பொடி போடுவார்கள். ஆலையில் அதற்கு மருந்து என்று பெயர். மருந்தின் வீரியம் கொஞ்ச நேரம்தான். லேடில் காத்திருக்கக் காத்திருக்க அது இறங்கிக்கொண்டே போகும். ஜோசியர் ஆப்பை உடைத்தார், முறிவு அருமையாக இருந்தது, "ஊத்தலாம்" என்றார். மாப்பிள்ளை ஊற்ற ஆரம்பித்தார். இன்னும் நாலு அச்சுகள் பாக்கி இருக்கும்போது முதலாளியின் மைத்துனர் விருந்தாளிகளோடு வந்து சேர்ந்தார்.

"அப்படியே நிறுத்துப்பா. பின்னாடி நெருப்பு தெரியட்டும். ஒரு போட்டோ."

ஒரு போட்டோ எப்போது ஒன்றோடு நின்றிருக்கிறது? ஒருவர் கண்ணை மூடிவிட்டார். இன்னொருவருக்குத் தலைக்கவசம் மூக்கு வரை இறங்கிவிட்டது. குண்டாகத் தெரிகிறேன் என்று ஒருவர் இடம் மாறி நின்றார். லேடில் அந்தரத்தில் தொங்கியது. உள்ளே மருந்து செத்துக்கொண்டிருந்தது.

ஜோசியர் இன்னொரு ஆப்புக்கான மண் அச்சைக் கையில் எடுத்தார். ஒரு லேடிலுக்கு ஒரு ஆப்பு என்பது அங்கே எழுதாத சட்டம். இரண்டாவது கேட்பது, ஊற்றுகிறவரிடம் 'நீ கெடுத்துவிட்டாய்' என்று ஊரறியச் சொல்வதற்குச் சமம். மாப்பிள்ளையின் தாடை இறுகியிருந்தது. ஜோசியருக்கு மகள் சொன்ன பல் ஞாபகம் வந்தது. அச்சைக் கீழே வைத்துவிட்டார். விருந்தாளிகள் போனதும் பாக்கி நாலும் ஊற்றி முடிந்தன.

கடைசல்காரர்கள் சக்கரத்தின் தடித்த நடுப்பகுதியை மட்டும்தான் குடைவார்கள். அங்கே இரும்பு மெதுவாக உறைந்து சாம்பலாகவே இருந்ததால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. சில நாள் கழித்துச் சிவப்புப் பெயிண்ட் அடித்து லாரிக்குப் பக்கத்தில் அடுக்கினார்கள். ஜோசியர் மட்டும் சாப்பாட்டைப் பாதியில் மூடிவைத்தார். அந்தச் சக்கரத்துக்குக் கீழே எங்கோ யாரோ நிற்பார்கள். அவர்களுக்கும் ஒரு மாமனார் இருப்பார்.

அரத்தை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு சக்கரத்தின் ஓரத்தையும் ராவிப் பார்த்தார். நல்ல சக்கரத்தில் அரம் கடித்துத் தூளைக் கொட்டியது. நாலில் மட்டும் வழுக்கிக்கொண்டு போனது; வெளுத்த இரும்பில் அரம் ஏறாது. சூப்பர்வைசர் வந்தார்.

"என்ன ஜோசியரே, கப்பிக்கு நகம் வெட்டி விடுறீங்களா?"

"இந்த நாலும் போகக் கூடாது சார். ஓரம் வெளுத்திருக்கு."

"ஊத்தலாம்னு சொன்னதே நீங்கதானே?"

"சொன்னது நெசம். அப்புறம் லேடில் நின்னுபோச்சு."

"அப்பவே சொல்றதுக்கென்ன, வாயைத் தச்சா வச்சிருந்தாங்க? அரம் வழுக்குதுன்னு ஆபீஸ்ல போய்ச் சொன்னா என்னைப் பாத்துச் சிரிப்பாங்கய்யா. லாரிக்காரன் வேற கத்துறான். ஏத்துங்கடா!"

ஜோசியர் மூலையில் கிடந்த சம்மட்டியைத் தூக்கி நாலில் ஒன்றின் ஓரத்தில் இறக்கினார். ஒரே அடியில் ஓரம் பிய்ந்து வந்தது. முறிவு முழுக்கச் சர்க்கரை மாதிரி வெள்ளை, பளபளவென்று. லாரிக்காரன்கூடக் கத்துவதை நிறுத்திவிட்டான்.

"யாரு ஊத்துனது?" என்றார் சூப்பர்வைசர்.

அச்சுப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளையே நடந்து வந்தார்.

"நான்தான்."

மத்தியானத்துக்குள் நியாயம் வழங்கியாகிவிட்டது. லேடிலை அதிக நேரம் நிறுத்திவைத்த குற்றத்துக்காக மாப்பிள்ளைக்கு வேலை போயிற்று. விழிப்போடு இருந்ததற்காக ஜோசியருக்கு ஒரு கைகுலுக்கல். போட்டோவைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. அது ஏற்கெனவே சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருந்தது, ஓரத்தில் மாப்பிள்ளையின் முழங்கை மட்டும் விழுந்திருந்தது.

ஆலை வாசலில் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். குரலில் கோபமே இல்லை. ஜோசியருக்கு அதுதான் பயமாக இருந்தது.

"மாமா, அன்னிக்கு ரெண்டாவது ஆப்புக்கு அச்சைக் கையில எடுத்தீங்களே, பாத்தேன். நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அதைக் காட்டியே அந்த நாலையும் ஊத்தாம விட்டிருப்பேன். போட்டோவால கெட்டுப்போச்சுன்னு நானா எப்படி மாமா சொல்றது? ஏன் கீழ வச்சீங்க?"

மகள் சொன்னதைச் சொல்ல முடியாது. சொன்னால் அது அவளிடம்தான் போய் இறங்கும்.

"கை சுட்டுச்சு மாப்ள."

இரும்பு படாத மண் அச்சு சுடாது என்பது இருவருக்கும் தெரியும். மாப்பிள்ளை தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் தெருவில் இறங்கினார்.

மாலையில் மகள் வந்தாள். கையில் பெட்டி இல்லை.

"வந்ததுலேருந்து வாயே தொறக்கலப்பா. கத்தினாக்கூடப் பரவாயில்ல, சொவத்தையே பாத்துட்டு உக்காந்திருக்காரு." பிறகு கேட்டாள்: "நீங்க நாளைக்கு வேலைக்குப் போவீங்களா?"

"போகணும்ல."

"போங்க. எங்க வீட்டுப் பக்கம் மட்டும் கொஞ்ச நாளைக்கு வராதீங்க."

அம்மா கொண்டுவந்து வைத்த தண்ணீரைத் தொடாமலே படி இறங்கிப் போனாள்.